காயாத பாத்திரம்: கும்பகோணத்து அடுக்களையில் உடைந்த ஒரு பேக்கிங் டிஷ் பற்றிய நிகழ்வு ஆய்வு

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, கும்பகோணத்திலிருந்து மதனி போன் செய்தார். "ஓவன்ல வச்ச டிஷ் ரெண்டாப் போயிடுச்சு. பாலெல்லாம் கம்பி மேல கொட்டி வீடு பூரா புகை. நீ பீங்கான் வேலைதானே பார்த்தே, கொஞ்சம் வந்து பாரேன்." குரலில் பயம் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. கோபம் யார் மேல் என்பது, பாபநாசத்தில் பஸ் ஏறி அவர் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்த பிறகுதான் தெரிந்தது.

"நேத்து சாயங்காலம் தொட்டியில டங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அவதான் எதுலயோ இடிச்சிருக்கா. கேட்டா இல்லேங்குறா. இந்த மாசச் சம்பளத்துல பிடிக்கத்தான் போறேன்."

அவர் சொன்னது, தினமும் வந்து பாத்திரம் தேய்த்துக் கொடுக்கும் அக்காவை. அந்த அக்கா கொல்லைப்புறத் திண்ணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு டிஷ்ஷின் விலை அவருடைய பாதி மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்து, பிறகு பல வருடம் தரம் பார்க்கும் பிரிவில் உட்கார்ந்தவள் நான். உடைந்த பீங்கானைக் கையில் எடுக்காமல் யார் உடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. "மதனி, ஒரு துண்டைக்கூடக் குப்பையில போடாதீங்க, கழுவவும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

நடந்தது

மதனி வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து பிரெட் புட்டிங், காய்கறி பேக், பூவன்பழ கேக் செய்து கொடுக்கிறார். அவரிடம் இருந்தவை 12 பாத்திரங்கள். ஆறு நீள்சதுரம், உள்ளே பால் நிறம், வெளியே நீலம். மூன்று வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு தள்ளுபடி விற்பனையில் வாங்கியவை. மற்ற ஆறும் முட்டை வடிவம், தேன் நிறம். தஞ்சாவூரில் ஒரு கைவினைக் கண்காட்சியில் வாங்கியவை. விற்ற இரண்டு பேரும் சொன்ன பெயர் ஸ்டோன்வேர்.

இந்தப் பெயரில் நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. கல் என்றதும் மாக்கல்லைக் குடைந்து செய்யும் கல்சட்டியை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. ஸ்டோன்வேர் மண்ணால் ஆனது. 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சூளையில் ஏறும்போது மண்ணின் ஒரு பகுதி உருகி, துளைகளை அடைத்து, கல் மாதிரி இறுகிவிடுகிறது. பரணில் இருக்கும் மேலே காப்பி நிறமும் கீழே வெளிர் நிறமுமான ஊறுகாய் ஜாடி இந்த இனம்தான். அதனால்தான் உப்பும் புளிப்பும் வருடக்கணக்கில் கிடந்தும் அது கசிவதில்லை. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரத்தில் ஸ்டோன்வேர் தட்டும் கிண்ணமும் வனைவது ஒரு பழக்கமாகவே வேரூன்றியது. ஆனால் ஜாடி அடுப்பேறியதில்லை. சூட்டில் வைத்து எடுக்கும் ஸ்டோன்வேர் நம் அடுக்களைக்குப் புதிது. அது தேய்வதும் பழுதாவதும் எப்படித் தெரியும் என்பது யாருக்கும் பாட்டி வழியாக வரவில்லை.

அன்று நடந்ததை மதனியிடம் மணிவாரியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். முந்தின இரவு நீல டிஷ் ஒன்றில் பிரெட் புட்டிங் கலவையை ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தார். காலை எட்டரைக்கு வெளியே எடுத்து, இருபது நிமிடம் மேடையில் வைத்துவிட்டு, 200 டிகிரிக்குச் சூடேறியிருந்த ஓடிஜிக்குள் (மேலும் கீழும் சூடேற்றும் கம்பி உள்ள சின்ன மின் ஓவன்) நேராக வைத்தார். இருபத்தைந்து நிமிடம் கழித்து 'டப்' என்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால் அடிப்பாகம் குறுக்கே பிளந்து கிடந்தது.

ஃபிரிட்ஜிலிருந்து நேராக ஓவனுக்குப் போனது தப்பு, யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இதையே அவர் மூன்று வருடமாகச் செய்துவந்திருக்கிறார். அன்றைக்கு மட்டும் ஏன் உடைந்தது?

துண்டுகள் சொன்னது

மேடையில் பழைய வேட்டியை விரித்து, துண்டுகளைப் பொருத்தி அடுக்கினேன். இரண்டு பெரிய துண்டு, ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். முதல் தடயம் இதுதான். ஒரு பாத்திரம் இடிபட்டு உடைந்தால், இடிபட்ட இடத்தில் ஒரு புள்ளி இருக்கும். அங்கே மெருகு (மண்ணின் மேல் கண்ணாடி மாதிரி படிந்திருக்கும் மேல்பூச்சு) நொறுங்கி, பிறைநிலா வடிவில் ஒரு சில்லு பெயர்ந்து, அதிலிருந்து கீறல்கள் நாலாபுறமும் கிளை விட்டு ஓடியிருக்கும். சூட்டினால் வந்த விரிசல் அப்படிக் கிளைப்பதில்லை. ஓரத்தில் எங்கோ தொடங்கி, வாய்க்கால் மாதிரி லேசாக வளைந்து வளைந்து ஒற்றைக் கோடாக மறுபக்கம் போய்ச் சேரும். இங்கே இருந்தது ஒற்றைக் கோடு. விளிம்பு முழுக்க விரல் வைத்துத் தடவியும், லென்ஸ் வைத்துப் பார்த்தும் இடிபட்ட புள்ளி எங்கும் இல்லை.

இரண்டாவது தடயம் உடைந்த முகத்தில் இருந்தது. புதிதாக உடைந்த மண் வெளேரென்று இருக்க வேண்டும். முக்கால்வாசி அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒரு மூலையில், அடி விளிம்பிலிருந்து உள்ளே சுமார் நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு, உடைந்த முகம் பழுப்பேறிக் கிடந்தது. நெய்யும் பாலும் அந்த இடுக்கில் இறங்கி, சூட்டில் கருகி, மறுபடி இறங்கியிருக்கின்றன. அது முந்தின நாள் சாயங்காலம் வந்த விரிசல் இல்லை. குறைந்தது சில வாரமாவது ஆகியிருக்க வேண்டும். பழுப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் அந்தக் கோடுதான் பழைய விரிசலுக்கும் அன்று காலை உடைந்ததற்கும் இடையில் இருந்த எல்லை.

துண்டை மூக்கருகே கொண்டுபோனேன். சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை, மண்ணுக்குள்ளிருந்து வந்தது. வெள்ளையாக இருந்த பகுதியில் நாக்கு நுனியை வைத்தேன். மதனி முகம் சுளித்தார். மண் வேலை தெரிந்தவர்களுக்கு இது பழைய சோதனை: இறுகிச் சுட்ட மண் நாக்கில் ஒட்டாது, துளையுள்ள மண் ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். இது ஒட்டியது.

கொல்லையில் உட்கார்ந்திருந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன், "அக்கா, இந்த டிஷ்ல வேற எதுலயும் இல்லாத வித்தியாசம் ஏதாவது கண்டீங்களா?" அவர் மதனியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது ஒண்ணு மட்டும் ராத்திரி கவுத்து வச்சா காலையிலயும் அடியில ஈரம் நிக்குமுங்க. துடைச்சா திரும்பக் கசியும். தீபாவளிக்கு அப்புறமாத்தான். அம்மாகிட்ட அப்பவே சொன்னேன்." மதனி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நினைவிருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது.

தரம் பார்க்கும் மேசையில் உட்கார்ந்த காலத்தில் இப்படி ஒரு சாட்சி கிடைத்ததில்லை. பாத்திரத்தின் பழுது முதலில் கைக்குத் தெரிவது சமைப்பவருக்கோ பரிமாறுபவருக்கோ இல்லை, கழுவி அடுக்குபவருக்கு. எடை கூடுவதும், காயத் தாமதமாவதும், அடியில் ஈரம் நிற்பதும் அவர் கையில்தான் தினம் நடக்கிறது.

"தீபாவளி சமயம் இந்த டிஷ்ஷுக்கு என்ன ஆச்சு மதனி?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "முந்தின நாள் சாயங்காலம் கரண்ட் போச்சு. பாதி வெந்தது ஓவன்ல இருந்துச்சு. கேஸ்ல வேற பாத்திரத்துக்கு மாத்திடலாம்னு அவசரமா எடுத்து மேடையில வச்சேன். மேடை அப்பத்தான் துடைச்சது, ஈரமா இருந்துச்சு. டிக்குன்னு ஒரு சத்தம்... கிரானைட்தான்னு நினைச்சேன்." பிறகு மெதுவாகக் கொல்லைப்பக்கம் போனார். அந்த மாதச் சம்பளம் முழுதாகத்தான் கொடுக்கப்பட்டது.

மீதி பதினொன்று

ஒன்று உடைந்த வீட்டில் மற்றவற்றையும் பார்க்காமல் வருவது சரியில்லை. அன்று தங்கி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போட்டுப் பார்த்தேன். உடைந்தது 1. மீதி நீலம் 2 முதல் 6, தேன் நிறம் 7 முதல் 12.

முதலில் கண். மழை இருட்டாக இருந்ததால் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நேராக அடிக்கும் வெளிச்சம் மெருகின் பளபளப்பை மட்டும் காட்டும். சாய்ந்த வெளிச்சம்தான் கோடுகளை எழுப்பிக் காட்டும். நீல டிஷ்கள் ஐந்திலும் உட்புறத்தில் வலை மாதிரி மெல்லிய கோடுகள். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஜூன் 12இல் மேட்டூர் திறக்காமல் தள்ளிப்போன வருடங்களில் வயல் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கும் என்று பார்த்தவர்கள் நாம். மேல்மண் காய்ந்து சுருங்குகிறது, அடிமண் அவ்வளவு சுருங்குவதில்லை, இடையில் மேல்தோல் கிழிகிறது. மெருகும் அப்படித்தான். சூளையிலிருந்து ஆறும்போது கண்ணாடி மாதிரியான மெருகு தன் அடியிலுள்ள மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால், இழுபட்டு, வலைக்கோடு விழுகிறது. சில பாத்திரங்களில் இது வாங்கும்போது இருக்காது. சரியாக வேகாத மண் மாதக்கணக்கில் ஈரத்தை உள்வாங்கி லேசாகப் பருக்கும், மெருகு கூடவே பருக்காது, அப்போது கிழியும். மதனியும் முதல் வருடம் இந்தக் கோடுகளைப் பார்த்ததில்லை என்றுதான் சொன்னார்.

கோடு கண்ணுக்கு எட்டாத இடங்களுக்கு டிகாக்ஷன் ஊற்றினேன். காலையில் இறக்கிய கெட்டி டிகாக்ஷனை ஒவ்வொரு டிஷ்ஷிலும் ஒரு விரற்கடை ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, கொட்டி, ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். மேற்பரப்பில் இருப்பது துடைத்ததும் போய்விடும். விரிசலுக்குள் இறங்கியது பழுப்புக் கோடாக நிற்கும். பேனா மை இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனால் அது மறுபடி சமைக்காத பாத்திரத்துக்கு மட்டும். இனி சமையலுக்கு ஆகாது என்று முடிவான பிறகு 2ஆம் எண்ணில் இன்னொன்றும் செய்து பார்த்தேன். மஞ்சள்பொடியைச் சானிடைசர் விட்டுக் குழைத்து (மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது) தடவித் துடைத்துவிட்டு, கள்ளநோட்டு பார்க்கும் ஊதாக்கதிர் டார்ச்சை இருட்டில் அடித்தேன். விரிசல்கள் எல்லாம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தன. மதனியின் பையன் அரை மணி நேரம் அந்த டார்ச்சைத் திருப்பித் தரவில்லை.

அடுத்தது காது. பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்காமல் நம் பாட்டிமார் ஒன்றைக்கூடக் கூடையில் வைத்ததில்லை. கும்பகோணம் பாத்திரக்கடையில் வெண்கல உருளி வாங்குபவரும் தட்டிக் காது கொடுக்கிறார். திருவையாறு ஆராதனையில் கடம் வாசிக்கக் கேட்டவர்களுக்கு, சுட்ட மண்ணுக்குள் எவ்வளவு நாதம் ஒளிந்திருக்கிறது என்று தெரியும். மயிரிழை விரிசல் விழுந்தாலும் அந்த நாதம் போய்விடும். இந்தப் பழக்கத்தைப் பீங்கான் வந்ததும் நாம் ஏன் கைவிட்டோம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை, வருத்தமாகவும் இருக்கிறது. டிஷ்ஷை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் சத்தம் செத்துவிடும். விரல் நுனிகளின் மேல் நிறுத்தி, மரக்கரண்டியால் விளிம்பில் மெதுவாகத் தட்ட வேண்டும். நீள்சதுர டிஷ் வட்டமானதைப் போலக் கணீரென்று ஒலிக்காது, ஆகவே ஒன்றை அதே அச்சில் வந்த இன்னொன்றோடுதான் ஒப்பிட வேண்டும். 3, 4, 6 மூன்றும் ஒரே மாதிரி ஒலித்தன. 2உம் 5உம் 'தொத்' என்றன. தேன் நிறம் ஆறும் சுத்தமாக ஒலித்தன.

கடைசியில் தராசு. இதற்குத்தான் அதிக நேரம் ஆனது, ஆனால் மனசைத் திருப்திப்படுத்தியதும் இதுதான். உடைந்த 1ஆம் எண்ணின் பெரிய துண்டையும் மீதிப் பாத்திரங்களையும் ஓவனில் 60 டிகிரியில் தொடங்கி மெதுவாக 120க்கு ஏற்றி, எடை இறங்குவது நிற்கும்வரை காய வைத்தேன். ஆறவிட்டு, ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசில் நிறுத்தேன். பிறகு அண்டாவில் அடியில் துணி போட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி, பாத்திரங்களை முழுக வைத்து, மெல்லக் கொதிக்கவிட்டேன். ஆய்வுக்கூட முறையில் ஐந்து மணி நேரம் கொதிக்க வைத்து 24 மணி நேரம் ஊறவிடுவார்கள். வீட்டில் இரண்டு மணி நேரக் கொதியும் ஒரு இரவு ஊறலும்தான் முடிந்தது. அதனால் என் கணக்கு உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். திங்கட்கிழமை காலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து மறுபடி நிறுத்தேன்.

உடைந்த துண்டு 700 கிராமிலிருந்து 737 ஆனது, 5.3 சதவீதம். 2ஆம் எண் 1,640இலிருந்து 1,722, அதாவது 5 சதவீதம். 5ஆம் எண் 1,655இலிருந்து 1,731, 4.6 சதவீதம். 3, 4, 6 ஆகியவை 3.3ஐ ஒட்டி வந்தன. தேன் நிறத்தில் 7ஆம் எண் 1,610இலிருந்து 1,629, வெறும் 1.2 சதவீதம், மற்றவையும் ஏறக்குறைய அதே. ஸ்டோன்வேர் என்று சொல்லிக்கொள்ளும் பாத்திரம் பொதுவாக 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நீல டிஷ்கள் சூளையில் போதிய சூடு காணாமல் வந்தவை. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் தராசு பெட்டியைப் படிப்பதில்லை.

தராசு இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கழுவித் துடைத்த வெறும் டிஷ்ஷை மைக்ரோவேவில், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு, ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். டம்ளர் சூடாகி டிஷ் ஜில்லென்று இருந்தால் நல்லது. டிஷ்ஷும் கொதித்தால் அதன் மண்ணுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். 2ஆம் எண்ணைப் பிடிதுணி இல்லாமல் எடுக்க முடியவில்லை.

இனி தேன் நிறத்துக்கு வருகிறேன். இங்கேதான் நானே கிட்டத்தட்ட ஏமாந்தேன்.

9ஆம் எண்ணைக் காட்டி மதனி பதறினார். உட்புறம் முழுக்கச் சாம்பல் நிறக் கோடுகள், தாறுமாறாக. நகத்தால் குறுக்கே இழுத்தால் எங்கும் தட்டவில்லை. அவை விரிசல் இல்லை. எவர்சில்வர் கரண்டி உரசி மெருகின் மேல் விட்டுப்போன உலோகப் பொடி. சமையல் சோடாவைக் குழைத்து விரலால் தேய்த்ததும் போய்விட்டன. ஆனால் உலோகம் ஒட்டுகிற அளவுக்கு மெருகு சொரசொரப்பாகிவிட்டது என்பதையும் அது சொல்கிறது. கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்து வந்த வினை. 11ஆம் எண்ணில் கைப்பிடிக்குக் கீழே ஊசித்துளை ஒன்று. வெளிப்புறம், உணவு படாத இடம். விட்டுவிட்டேன்.

12ஆம் எண் எல்லாவற்றிலும் அழகானது. கணீரென்று ஒலித்தது. எடை 1.2 சதவீதம்தான் கூடியது. டிகாக்ஷன் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. நல்லது என்று எழுதிவிட்டு, ஒரு பழக்கத்துக்காக விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்து விளிம்பைச் சுற்றி இழுத்தேன். ஒரு இடத்தில் பஞ்சு நூல் மாட்டிக்கொண்டு நின்றது. லென்ஸில் பார்த்தால், விளிம்பின் வளைவில் மெருகு நகக்கண் அளவுக்குப் பெயர்ந்து எழுந்து நிற்கிறது. பக்கத்தில் ஏற்கெனவே ஒரு செதில் உதிர்ந்துபோன தடமும் இருந்தது.

இது வலைக்கோட்டுக்கு நேர் எதிரான பழுது. இங்கே மெருகு மண்ணைவிடக் குறைவாகச் சுருங்கியிருக்கிறது. இடம் பற்றாமல் நெருக்குண்டு, முனைகளிலும் விளிம்புகளிலும் உப்பிப் பெயர்கிறது. பழைய வீட்டுச் சுவரில் காரை உப்பி விழுவது போல. வித்தியாசம் என்னவென்றால், இங்கே விழுவது கண்ணாடிச் சில்லு. அது புட்டிங்குக்குள் விழுந்தால் யார் வாயில் போகும்? மதனியின் ஆர்டர்களில் பாதி பிறந்தநாள் விழாக்கள். உதிர்ந்த அந்த முதல் செதில் எங்கே போயிற்று என்பதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐந்து சோதனையில் நாலில் முதல் மதிப்பெண் வாங்கிய பாத்திரம்தான் உடனே அடுக்களையை விட்டுப் போக வேண்டியிருந்தது. தட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு என்று ஒரே சோதனையோடு நிறுத்துபவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எப்படி இந்த நிலைக்கு வந்தது

நீல டிஷ்ஷின் கதையைத் தொடக்கத்திலிருந்து கோத்தால் இப்படி வருகிறது. சூளையிலேயே மண் முழுதாக இறுகவில்லை. மெருகு மூடியிருந்த வரை அது வெளியே தெரியவில்லை. ஆனால் இந்த வகை டிஷ்ஷுக்குப் பொதுவாக அடி வளையத்தில் மெருகு இருக்காது. இருந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வெறும் வளையம் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். மதனி வீட்டில் அடிப்பிடித்த டிஷ்ஷைத் தொட்டியில் இரவெல்லாம் ஊறப் போடுவது வழக்கம். மண் மெல்லப் பருத்தது, மெருகு வெடித்தது, பிறகு உட்புறமும் தண்ணீருக்கு வழி திறந்தது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது முழுக்கக் காய்ந்த நாளே இருந்திருக்காது.

இதன் மேல் தீபாவளிக்கு முந்தின நாள் ஈர மேடை. சூடான அடிப்பாகம் சட்டென்று குளிர்ந்து சுருங்க, மேலே இன்னும் சூடு. மூலையில் நாலு சென்டிமீட்டர் பிளந்தது. அந்தப் பிளவோடு இன்னும் மூன்று வாரம் உழைத்திருக்கிறது.

அன்று காலை ஈரம் கோத்த மண், ஃபிரிட்ஜின் குளிர்ச்சி, 200 டிகிரி ஓவன் மூன்றும் சேர்ந்தன. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். ஓடிஜி சின்னப் பெட்டி. கீழ்க்கம்பி டிஷ்ஷின் அடிக்கு மிக அருகில் இருக்கிறது, கம்பிக்கு நேர் மேலே உள்ள பட்டை மட்டும் முதலில் சூடேறும். பழைய பிளவின் நுனிக்கு அந்த இழுவையே போதுமானது.

இன்னொரு காரணத்தையும் சந்தேகித்தேன், ஆனால் இந்த வீட்டில் நிரூபிக்க வழியில்லை. சிலவகை மண்ணில், சூளையில் நீண்ட நேரம் அதிகச் சூட்டில் இருக்கும்போது கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா வடிவம் உருவாகிவிடும். அது சுமார் 226 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். பேக்கிங் சூடு சுற்றிவரும் இடமே அதுதான். சூளையில் 573 டிகிரியில் குவார்ட்ஸ் என்ற இன்னொரு சிலிக்கா வடிவம் செய்யும் இதே மாதிரி மாற்றம் அடுக்களையைத் தொடாது, இது தொடும். அரைகுறையாக வெந்த நீல டிஷ்ஷில் இதற்கு வாய்ப்புக் குறைவு. நல்ல இறுகலான, கணீரென்று ஒலிக்கும் பாத்திரம் காரணமே இல்லாமல் ஓவனில் உடைந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

மதனி ஒரு நல்ல கேள்வி கேட்டார். "மண்சட்டியை நெருப்பு மேலயே வச்சு மீன்குழம்பு வைக்கிறோம், அது உடையல. இவ்வளவு சூட்டுல சுட்டது ஏன் உடையுது?" நம் ஊரில் மண்பானை வனையும் வேளார் சூளையில் ஸ்டோன்வேர் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. அந்த மண்ணுக்குள் துளைகள் நிறைய. ஒரு மயிரிழை விரிசல் ஓடத் தொடங்கினாலும் அடுத்த துளையில் போய் நின்றுவிடும், சட்டி இழுவையைத் தாங்கிக்கொள்ளும். இறுகிய ஸ்டோன்வேரில் விரிசல் நிற்க இடமில்லை. கல்லாவதற்குக் கொடுத்த விலை அது. ஆகவே அதை அடுப்புச் சுடர் மேல் வைக்கவே கூடாது; ஓவனிலும் சூடு படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

நச்சுப் பற்றியும் கேட்டார். 1,200 டிகிரிக்கு மேல் சுடும் மெருகில் ஈயம் சேர்ப்பது வழக்கமில்லை, ஆவியாகிவிடும். சந்தேகம் மெருகின் மேல் ஒட்டிய பூப்படங்களில்தான். அவை பிறகு குறைந்த சூட்டில் சுடப்படுபவை, விரலுக்கு மேடாகத் தட்டும். மதனியிடம் இருந்தவற்றில் அப்படி எதுவும் உட்புறத்தில் இல்லை. ஆய்வுக்கூடத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றி வைத்து, இறங்கியதை அளப்பார்கள். வீட்டில் எலுமிச்சைத் துண்டை ஒரு இரவு மெருகின் மேல் கவிழ்த்து வைத்து, காலையில் நிறம் மங்கியிருந்தால் அந்தப் பாத்திரத்தில் புளிப்புச் சமைக்காமல் இருக்கலாம். மங்காததால் நச்சு இல்லை என்று ஆகிவிடாது.

பிறகு செய்தது

2, 5, 12 மூன்றும் அன்றே வெளியே போயின. முதல் இரண்டும் கொல்லையில் துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் அடித்தட்டாக இருக்கின்றன. 12ஐ மட்டும் துணியில் சுற்றி உடைத்துப் போடச் சொன்னேன். அழகாக இருக்கிறதே என்று யாராவது எடுத்துச் சமைத்துவிடக்கூடாது. 3, 4, 6 மூன்றும் தோலுள்ள பழம் வைக்க மட்டும். வலைக்கோட்டுக்குள் பாலும் முட்டையும் தங்கிக் கெடும், சோப்பு அங்கே எட்டாது.

தேன் நிறத்தில் மிஞ்சிய ஐந்து இன்றும் வேலை செய்கின்றன. ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் கலவையை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, ஓவனுக்கு முன் டிஷ்ஷுக்கு மாற்றுகிறார். டிஷ்ஷைக் குளிர்ந்த ஓவனில் வைத்து, அதோடு சேர்த்துச் சூடேற்றுகிறார். மேடையில் ஒரு மரப்பலகை நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. ஊறப் போடுவது அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. கம்பி நார் போய்த் தேங்காய் நார் வந்தது. அடியில் பென்சில் எண்ணும், உள்பரண் கதவில் ஒரு காகிதத்தில் காய்ந்த எடையும் இருக்கின்றன.

தை மாதம் போனபோது ஐந்தையும் மறுபடி காய வைத்து நிறுத்தேன். நான்கு பழைய எடையிலேயே இருந்தன. 8ஆம் எண்ணை மேசையில் காணவில்லை. பாத்திரம் தேய்க்கும் அக்கா அதை ஒரு வாரத்துக்கு முன்பே தனியாக எடுத்து ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்திருந்தார். "அடி வளையத்துல ஒரு பக்கம் மட்டும் கருப்பா ஈரம் தெரிஞ்சுச்சு. தட்டினா மத்ததோட சேரல. அம்மாகிட்ட சொன்னேன், நீங்க வர்ற வரைக்கும் எடுக்க வேணாம்னுட்டாங்க." டிகாக்ஷன் ஊற்றிப் பார்த்தேன். கைப்பிடி ஒட்டிய மூட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் பழுப்புக் கோடு.